வாசல் தெளித்தால் மட்டும் போதுமா?

சென்ற இதழில் மழைக்காலத்தில் குழந்தைகளுக்கு வரும் காய்ச்சல்கள் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுச் சென்னைப் புறநகரிலிருந்து ஓர் இளம் தாய் நீளமாய் ஒரு கடிதம் போட்டிருக்கிறார். அதில் ஒரு பகுதி இது:

"வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்க விடுவதில்லை அம்மா. தொட்டியை மூடித்தான் வைக்கிறேன். ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தாச்சு. அப்படியும் என் மூணு வயசுப் பிள்ளைக்கு டெங்கு வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். எங்கள் நகரில் நலச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. வருஷா வருஷம் சந்தா வாங்கிக்கொண்டு போகிறார்கள். என்னதான் செய்கிறார்கள் என்று கேட்டால், 'அதெல்லாம் ஆம்பிளைங்க பார்த்துக்குவாங்க, உனக்கெதுக்கு?' என்கிறார் மாமியார். நான் என்ன செய்யட்டும்?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல, முதலில் அந்தக் கொசுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை, புழு, கூட்டுப்புழு என்று மாறிப் பறக்கிற கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாள் ஆகும். கடிப்பது பெரும்பாலும் பகலில். இன்னொரு விஷயம்: பொதுவாக அது பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் பறந்து போவதில்லை. நமக்கு முக்கியமானது இந்தக் கடைசி விஷயம்தான். உங்கள் பிள்ளையைக் கடித்த கொசு வேற்றூரிலிருந்து வந்ததாக இருக்காது. உங்கள் வீட்டில் பிறக்கவில்லையென்றால், அடுத்த வீட்டு மொட்டை மாடியில் கிடக்கும் உடைந்த வாளியிலோ, பின் தெருவில் பாதியில் நின்றுபோன கட்டடத்திலோ, மூலையில் பஞ்சர் ஒட்டுபவர் அடுக்கிவைத்திருக்கும் பழைய டயரிலோ பிறந்திருக்கும். அங்கெல்லாம் நீங்கள் தனியாளாய் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க முடியுமா? "என் வீட்டு மாடியைப் பற்றிப் பேச நீ யார்?" என்று கேட்டுவிடுவார்கள். அதே வேலையைச் சங்கம் செய்தால் யாரும் கேட்க மாட்டார்கள். சங்கம் எதற்கு என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில் இதுதான்.

சங்கம் என்பது நாலு பெரியவர்கள் கூடி, கொடியேற்றி, மிட்டாய் கொடுத்துக் கலைகிற இடம் என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அப்படியில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ல் வந்தது. ஏழு பேர் சேர்ந்தாலே ஒரு சங்கத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்த சங்கம் வருஷத்துக்கு ஒரு தடவை பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும். வரவு செலவுக் கணக்கை உறுப்பினர்கள் முன்னால் வைக்க வேண்டும். சந்தா கட்டுகிற குடும்பத்துக்குக் கேட்கிற உரிமை இருக்கிறது. கேட்காமல் இருந்தால் அது நம் குறைதான்.

ஒரு தெரு ஒன்று சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையிலேயே நல்ல உதாரணம் உண்டு. 1989-ல் எம்.பி. நிர்மல் என்ற வங்கி அலுவலர் 'எக்ஸ்னோரா' இயக்கத்தைத் தொடங்கினார். தெருவுக்கு ஒரு குழு, வீட்டுக்கு ஒரு சிறு மாதத் தொகை, அந்தப் பணத்தில் ஒரு மூன்று சக்கர வண்டி, அதை ஓட்ட ஓர் ஆள், ஏற்பாடு அவ்வளவுதான். அந்த ஆள் காலையில் வீடு வீடாய் வந்து குப்பையை வாங்கிப் போவார். அவரைக் 'குப்பைக்காரர்' என்று கூப்பிடக்கூடாது, தெருவை அழகாக்குகிறவர் என்ற பெயரில்தான் அழைக்க வேண்டும் என்று வைத்தார்கள். இன்று வீட்டு வாசலுக்கே வண்டி வந்து குப்பை வாங்கிப் போவதை நாம் சாதாரணமாய் எடுத்துக்கொள்கிறோம். அந்தக் காலத்தில் அதைச் செய்து காட்டியவை இப்படிப்பட்ட தெருக் குழுக்கள்தான். அவற்றில் வாசலில் நின்று வண்டியை எதிர்பார்த்தவர்களும் மாதக் காசை எடுத்துக் கொடுத்தவர்களும் பெரும்பாலும் பெண்களே.

சரி, ஒரு வருஷத்தில் சங்கம் என்னென்ன செய்யலாம், நாம் எதில் கை கொடுக்கலாம்? நமக்குப் பழக்கமான மாதக் கணக்கிலேயே சொல்கிறேன்.

சித்திரை, வைகாசி: கணக்கு கேளுங்கள்

மார்ச்சுடன் கணக்கு வருஷம் முடிகிறது. அதனால் பொதுக்குழுக் கூட்டம் போட இது தோதான சமயம். உங்கள் சங்கத்தில் எப்போது என்று செயலாளரைக் கேட்டுத் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கே நான்கு. போன வருஷம் எவ்வளவு வந்தது? எதற்குச் செலவானது, ரசீது இருக்கிறதா? பணம் சங்கத்தின் பேரில் பாங்கில் இருக்கிறதா, எடுக்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டுமா? வருகிற வருஷம் செய்யப்போகிற மூன்று வேலைகள் என்னென்ன?

வீட்டில் பால் கணக்கு, மளிகைக் கணக்கு, சீட்டுக் கணக்கு பார்க்கிற நமக்கு இந்தக் கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. வேலைகளை மூன்றோடு நிறுத்தச் சொல்வதிலும் காரணம் இருக்கிறது. இருபது தீர்மானம் போட்ட சங்கம் ஒன்றையும் முடிக்காது.

கோடையில் இன்னொரு வேலை கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்வது. பாதாளச் சாக்கடை இன்னும் வராத பகுதிகளில் மழைக்கு முன்னால் எல்லா வீட்டிலும் இதைச் செய்வார்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தொட்டிக்குள் மனிதரை இறக்காதீர்கள். உள்ளே தங்கியிருக்கும் விஷவாயு ஒரு நிமிஷத்தில் ஆளை மயக்கிப் போட்டுவிடும். காப்பாற்ற இறங்குகிறவரும் சேர்ந்து போய்விடுகிறார். 2013-ல் வந்த சட்டம் இப்படி ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. 'நூறு ரூபாய் கூடக் கொடுத்தால் இறங்கிடுவாங்க' என்று யாராவது சொன்னால், அந்த ஆளுக்கும் வீட்டில் ஒரு பெண்டாட்டி, பிள்ளை காத்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். இயந்திரம் வைத்து உறிஞ்சும் லாரியைச் சங்கம் ஒரே நாளில் பல வீடுகளுக்குச் சேர்த்து வரவழைத்தால் எல்லோருக்கும் சௌகரியம்.

ஆனி, ஆடி: மழையை வரவேற்கத் தயாராகுங்கள்

2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது நினைவிருக்கும். சென்னையில் பல இடங்களில் கிணற்று நீர்மட்டம் உயர்ந்தது, உப்புக் கரித்த தண்ணீர் கொஞ்சம் தேறியது. அப்புறம்? குழாயும் குழியும் இருக்கின்றன, அதற்குள் இருபது வருஷத்து மண்ணும் இருக்கிறது! பல வீடுகளில் மொட்டை மாடிக் குழாய் எங்கே போகிறது என்றுகூடத் தெரியாது.

இதில் இருக்கிற லாபத்தை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர அடி மாடி என்றால் சுமார் 93 சதுர மீட்டர். சென்னையில் சராசரியாக வருஷத்துக்கு 1,300 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அப்படியானால் அந்த ஒரு மாடியில் விழுவது ஏறக்குறைய 1 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் பத்து லாரித் தண்ணீர்! வீணாவது போக முக்கால்வாசி இறங்கினாலும் எவ்வளவு? 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அது மாதிரி மாடிகள் முப்பது இருந்தாலே, வருஷத்தில் ஒரு ரயில் தண்ணீருக்கு மேல் நம் தெருவில் விழுந்துவிடுகிறது.

ஆகவே ஆனி மாதத்தில் சங்கம் ஒரு கொத்தனாரையும் ஓர் உதவியாளரையும் பேசி, தெருவில் எல்லா மழைநீர்க் குழிகளையும் வரிசையாகத் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். குழியிலுள்ள ஜல்லி, மணலை வெளியே எடுத்து அலசி, அடியில் படிந்த சேற்றை அள்ளிவிட்டு மறுபடி போட வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை போதும். தனித்தனியாய் ஆள் தேடினால் கூலியும் கூட, ஆளும் கிடைக்காது. மாடியைப் பெருக்கி, இலைதழைகளை அள்ளி, குழாய் வாயில் வலை கட்டி வைப்பது நம் பங்கு. முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு அடுத்த மழையிலிருந்து உள்ளே விடுங்கள்.

'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பார்கள். மரம் நடவும் அதுவே காலம். ஆனால் மின்கம்பிக்கு நேர் கீழே நடாதீர்கள். பிறகு வருஷா வருஷம் தலையை வெட்டுவார்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. வேகமாய் வளர்கிறதே என்று நட்ட மரங்களுக்குப் பதில் வேம்பு, புங்கன், பூவரசு போன்ற நம் ஊர் மரங்களாகக் கேட்டு வாங்குங்கள். நடுவது ஒரு நாள் வேலை. தண்ணீர் ஊற்றுவது இரண்டு வருஷ வேலை. மரத்துக்கு ஒரு வீடு என்று பொறுப்பு கொடுத்தால்தான் பிழைக்கும். குழந்தைகளிடம் ஒப்படைத்துப் பாருங்கள், பெரியவர்களைவிட நன்றாகவே செய்வார்கள்.

ஆவணி, புரட்டாசி: சாக்கடையும் சாலையும்

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் மழைநீர் வடிகாலைத் தூர் வாரியாக வேண்டும். தூர் வாரும்போது ஒரு காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருந்த சேற்றை அள்ளி ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போய்விடுவார்கள். முதல் மழையில் அத்தனையும் மறுபடி உள்ளே போய்விடும். சங்கத்தார் அன்றே லாரி கேட்டு வாங்கி அதை அப்புறப்படுத்த வேண்டும். வாரும் ஆட்கள் வந்த நாளில் வீட்டிலிருக்கும் நாம் பார்த்து, உடனே போன் செய்து சொன்னால்தான் அது நடக்கும்.

வடிகாலில் வீட்டுக் கழிவுநீரை விடுவதும் தப்பு. அது மழைத் தண்ணீருக்கான வழி. நாம் விட்ட கழிவுநீர்தான் மழை நாளில் திரும்பி நம் வாசலுக்கு வருகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முழங்கால் தண்ணீரில் நின்ற வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சாலை போட வருகிறார்களா? நல்ல சேதிதான். ஆனால் பழைய தார்ச்சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாய்ப் போடச் சொல்லி எழுதிக் கேளுங்கள். மேலே மேலே போட்டுக்கொண்டே போனால் சாலை உயர்ந்து வீடு பள்ளமாகிவிடும். பழைய தெருக்களில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இன்று ஒரு படி இறங்கிப் போகிறோம் இல்லையா? அது இப்படி வந்த வினைதான்.

ஐப்பசி, கார்த்திகை: ஞாயிறு பத்து நிமிஷம்

இந்த இரண்டு மாதங்களில் சங்கத்தின் முழுக் கவனமும் கொசுவின் மேல் இருக்க வேண்டும். புகை அடிக்கும் வண்டி வந்தால் நமக்கு ஒரு திருப்தி. ஆனால் புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தண்ணீரில் நெளிகிற புழுவை ஒன்றும் செய்யாது. நான்கு நாளில் அடுத்த கூட்டம் பறந்து வரும்.

கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றேன் அல்லவா? அப்படியானால் வாரத்துக்கு ஒரு நாள் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் தேங்கிய தண்ணீரைக் கொட்டினால் ஒரு கொசுவும் முழுசாய் வளராது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷம் போதும். பார்க்க வேண்டியவை: பிரிட்ஜுக்குப் பின்னாலுள்ள தட்டு, மணி பிளான்ட் பாட்டில், பூந்தொட்டிக்கு அடியிலுள்ள தட்டு, கொல்லையில் கிடக்கும் கொட்டாங்கச்சி, மாடியில் போட்ட தார்ப்பாயின் மடிப்பு, நாய்க்கும் காக்கைக்கும் வைத்த தண்ணீர்க் கிண்ணம், மூடி சரியாய் உட்காராத தண்ணீர்த் தொட்டி. கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். இந்தக் கொசுவின் முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தும் மாதக் கணக்கில் உயிரோடிருக்கும். தண்ணீர் பட்டதும் பொரியும்.

பூட்டிக் கிடக்கிற வீடு, கட்டி முடியாத கட்டடம், காலி மனை ஆகியவற்றின் பட்டியலைச் சங்கம் எடுத்து, உரிமையாளருக்குக் கடிதமும் மாநகராட்சிக்கு நகலும் அனுப்ப வேண்டும்.

குழந்தைக்குக் காய்ச்சல் வந்துவிட்டால், நீங்களாக ஆஸ்பிரின், இபுப்ரூபன் மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவு அதிகமாகும். டாக்டர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். கஞ்சி, மோர், இளநீர் என்று நிறையக் குடிக்கக் கொடுங்கள். காய்ச்சல் இறங்கிவிட்டதே என்று அசந்துவிடவும் கூடாது. ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் விடும் சமயத்தில்தான் வரும். கடுமையான வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிட்டுப் போவது, குழந்தை துவண்டு கிடப்பது, சிறுநீர் குறைவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மார்கழி, தை: குப்பையும் போகியும்

மார்கழியில் தெருவே அழகாகிவிடும். சங்கம் கோலப் போட்டி வைக்கும். வைக்கட்டும், ரொம்ப நல்லது. கூடவே, 'எந்த வீட்டில் குப்பை ஒழுங்காய்ப் பிரித்திருக்கிறார்கள்?' என்றும் ஒரு பரிசு வைக்கச் சொல்லுங்கள்.

நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் காய்கறித் தோல், சோறு, பூ, இலை போன்ற மக்கும் குப்பைதான். அதை மட்டும் தனியே எடுத்துவிட்டால் மீதியில் நாற்றமே இராது. திடக்கழிவு பற்றி 2016-ல் வந்த விதிகளும் ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை, ஆபத்தான குப்பை என்று வீட்டிலேயே பிரிக்கத்தான் சொல்லின. குழந்தையின் டயப்பர், நாம் உபயோகித்த நாப்கின் இவற்றைச் செய்தித்தாளில் நன்றாய்ச் சுற்றி, மேலே சிவப்பு மசியால் ஒரு குறி போட்டுத் தனியாய்க் கொடுங்கள். உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசியைக் கெட்டியான அட்டையில் மடித்துக் கொடுங்கள். குப்பையைக் கையால் பிரிக்கிறவர்களும் பெரும்பாலும் நம்மைப் போன்ற பெண்கள்தான். அவர்களுக்குக் கையுறை கொடுத்திருக்கிறார்களா என்று சங்கம் கேட்க வேண்டும். வெயில் நேரத்தில் ஒரு செம்புத் தண்ணீர் நாம் கொடுக்கலாம்.

போகி அன்று பழைய பாயையும் துடைப்பத்தையும் கொளுத்தியது ஒரு காலம். இப்போது டயரும் பிளாஸ்டிக்குமாக எரிக்கிறார்கள். 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியாமல் தவித்தன. விமானத்துக்கே அந்தப் பாடு என்றால், இழுப்பு இருக்கிற குழந்தையின் நெஞ்சு என்ன பாடுபடும்? போகிக்கு முந்திய வாரம் சங்கம் ஓர் இடத்தில் பழைய துணி, பாய், பிளாஸ்டிக் சாமான்களைச் சேகரித்து மாநகராட்சி வண்டியில் ஏற்றிவிடட்டும். நல்ல துணிகளை வேண்டியவர்களுக்குக் கொடுக்கலாம்.

மாசி, பங்குனி: சந்தா வாங்குகிற காலம்

வருஷக் கடைசி. சந்தா வாங்க வரும்போது ரசீது கேட்டு வாங்குங்கள். வாடகைக்குக் குடியிருக்கிறவர்களையும் சங்கத்தில் சேர்க்கிறார்களா என்று விசாரியுங்கள். 'சொந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும்' என்று சில இடங்களில் வைத்திருக்கிறார்கள். சொந்த வீட்டுக் குழந்தையையும் வாடகை வீட்டுக் குழந்தையையும் கொசு பிரித்துப் பார்ப்பதில்லை. தெருக்கோடியில் இருக்கிற குடிசைகளுக்குக் குழாயில் தண்ணீர் வருகிறதா, விளக்கு எரிகிறதா என்பதும் சங்கத்தின் கணக்கில் சேர வேண்டும். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அக்கா அங்கிருந்துதான் வருகிறாள். அங்கே காய்ச்சல் பரவினால் இங்கே பரவ எத்தனை நாள் ஆகும்?

மனு எழுதுவது எப்படி?

'எழுதிப் போட்டா மட்டும் நடந்துடுமா?' என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எங்கள் பகுதியில் பாலர் பள்ளிக்குப் போகும் வழியில் வடிகாலின் மேல்மூடி உடைந்து, ஒரு குழந்தை விழுகிற அளவுக்கு ஓட்டை. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்தோம். ஓர் அலுவலகத்தில் 'இது எங்களுடையது இல்லை' என்றார்கள். அடுத்த அலுவலகத்திலும் அதே பதில். கடைசியில் நாலைந்து அம்மாக்கள் உட்கார்ந்து ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார்கள். எந்தத் தேதி, யாரிடம் சொன்னோம், என்ன பதில், புகார் எண் என்ன என்று வரிசையாய் எழுதி வந்தார்கள். மூன்றாவது மனுவோடு அந்தப் பக்கங்களின் நகலையும் ஓட்டையின் படத்தையும் வைத்து, நகல் ஒன்றைக் கவுன்சிலருக்கும் கொடுத்தார்கள். புது மூடி வந்தது. அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சில குறிப்புகள்: ஒரு மனுவில் ஒரே விஷயத்தை எழுதுங்கள். இடத்தைத் தெளிவாய்ச் சொல்லுங்கள். தெருவிளக்கென்றால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறிப்பிடுங்கள். மனு கொடுத்ததும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். சென்னையில் 1913-க்குப் போன் செய்தால் புகார் எண் தருவார்கள், அதைக் குறித்து வையுங்கள். பதிலே வராவிட்டால் 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு 'என் மனுவின் மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?' என்று கேட்டால் முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். பூங்கா, பள்ளிக்கூடச் சுவர் போன்ற பெரிய வேலைகளுக்கு 'நமக்கு நாமே' திட்டம் வந்தது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும் என்பது அதன் ஏற்பாடு. உங்கள் வட்டாரத்தில் அதில் என்ன செய்ய முடியும் என்று சங்கம் விசாரிக்கட்டும். 2022-ல் நகரங்களுக்கு வார்டு குழுவும் பகுதி சபையும் கொண்டுவந்தார்கள். கிராமத்தில் கிராம சபை இருப்பதுபோல நகரத்தில் இது. உங்கள் பகுதிச் சபை எப்போது கூடுகிறது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள்.

கடைசியாக, 'ஆம்பிளைங்க பார்த்துக்குவாங்க' என்ற பேச்சுக்கு வருகிறேன். பகல் முழுவதும் தெருவில் இருப்பது யார்? குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, எந்த விளக்கு எரியவில்லை, எந்த வீட்டில் காய்ச்சல் என்று யாருக்குத் தெரியும்? நமக்குத்தான். சென்னை மாநகராட்சிக்கு 1957-லேயே தாரா செரியன் என்ற பெண்மணி மேயராக இருந்திருக்கிறார். 2022-ல் ஆர். பிரியா அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது அவருக்கு வயது 28. தமிழ்நாட்டில் உள்ளாட்சி மன்றங்களில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டமே செய்தார்கள். மாநகராட்சியில் பாதி நாற்காலி நமக்கு இருக்க, தெருச் சங்கத்துக் கமிட்டியில் மட்டும் ஏன் இல்லை?

கூட்டத்தை ராத்திரி எட்டு மணிக்கு வைத்தால் அடுப்படி வேலையும் பிள்ளைகளின் பாடமும் இருக்கிற எந்தப் பெண் வருவாள்? ஞாயிறு மாலை நாலு மணிக்கு வைக்கச் சொல்லிக் கேளுங்கள். குழந்தைகளை ஓரமாய் விளையாட விட இடம் கேளுங்கள். தனியாகப் போகத் தயக்கமாயிருந்தால் பக்கத்து வீட்டு அக்காவையும் எதிர்வீட்டு மாமியையும் சேர்த்துக்கொண்டு போங்கள். மாமியாரையும் கூப்பிட்டுப் பாருங்கள்! தெருவில் யார் வீட்டுக் கதவு தட்டினால் திறக்கும் என்பது அவர்களுக்குத்தான் நன்றாய்த் தெரியும்.

கடிதம் எழுதிய சகோதரியும் மற்ற வாசகிகளும் இந்தப் பதினைந்து நாளுக்குள் இரண்டே வேலை செய்யுங்கள். உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத் தேதியைக் கேட்டு எழுதி வையுங்கள். வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு உங்கள் வீட்டோடு சேர்த்து இடமும் வலமும் ஒரு வீட்டிலாவது தேங்கிய தண்ணீரைக் கொட்ட வையுங்கள். உங்கள் தெருவில் சங்கம் செய்த நல்ல வேலை ஏதாவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், மற்றவர்களுக்கும் பயன்படும். அடுத்த இதழில், தரைக்கடித் தொட்டியையும் மாடித் தொட்டியையும் வீட்டிலேயே பத்திரமாய்ச் சுத்தம் செய்வது எப்படி என்று பார்ப்போம்.